விறாந்தை வைத்தியம்

குழந்தைகள் வாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற டொக்டர் பிள்ளைகளே, முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற தாயும் பிள்ளையும் யார் என்று தேடிக்கொண்டு திரியாதீர்கள். எந்த ஆஸ்பத்திரி என்றும் சொல்ல மாட்டேன். திருகோணமலைத் துறைமுகம் தெரிகிற ஜன்னல் ஒன்று அதில் இருந்தது, அவ்வளவுதான். தாய் செய்த வேலையைக்கூட மாற்றித்தான் சொல்லப்போகிறேன். பாருங்கள், நான் சொல்லி முடிக்க முதலே உங்களில் இரண்டு பேர் மனதுக்குள் ஆளைத் தேடத் தொடங்கிவிட்டீர்கள். இந்தக் கெட்டித்தனத்தை வருத்தம் கண்டுபிடிக்கிறதில் காட்டுகிற டொக்டர்மாரை நான் என் காலத்தில் அதிகம் பார்க்கவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை.

எச்.ஐ.வி. தொற்றிய கைக்குழந்தை எப்படி இருக்கும் என்று உங்களைக் கேட்டால் படபடவென்று ஒப்புவிப்பீர்கள். வாயில் மாறாத வெள்ளை, ஏறாத நிறை, நிற்காத வயிற்றோட்டம், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, கழுத்திலும் கைக்கடியில் கமக்கட்டிலும் நெறிக்கட்டி, பெருத்த ஈரல். சோதனையில் எழுதி நல்ல புள்ளி எடுத்தவர்கள்தானே. நானும் எடுத்தவள்தான். சங்கடம் என்னவென்றால், குழந்தை அந்தப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதில்லை. ஒரு மாதம் ஒன்றைக் கொண்டு வரும், அடுத்த மாதம் இன்னொன்றைக் கொண்டு வரும். ஒவ்வொன்றும் நல்ல சுகமான பிள்ளைக்கும் வருகிறதுதான். போதாததற்கு, எங்கள் நாட்டில் இது குறைவு. கர்ப்பிணித் தாய்மாருக்கு இரத்தம் பார்க்கிறோம், இல்லை என்று வந்தால் கார்டில் முத்திரை குத்துகிறோம். அந்த முத்திரையைக் கண்டதும் எங்கள் மூளை பாயை விரித்துப் படுத்துவிடும். அந்த முத்திரை இரத்தம் எடுத்த அன்றைக்கு மட்டும்தான் சாட்சி. அதற்குப் பிறகு தாய்க்குத் தொற்றினால், பால் கொடுக்கிற மாதங்களிலும் பிள்ளைக்குப் போகும். இதுவும் எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு மறப்பதற்குத்தானே இத்தனை வருடம் படித்தோம்.

இனி விறாந்தை வைத்தியத்துக்கு வருவோம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நான் வேலை செய்த எல்லா இடத்திலும் நடந்தது. ஆஸ்பத்திரி ஆட்களின் பிள்ளைக்கு வருத்தம் வந்தால் அது கிளினிக் வாங்கில் குந்தியிருக்காது. கிண்ணியாவில் இருந்து விடியவே பஸ் ஏறி வந்த உம்மா வாங்கில் இருப்பா. மூதூர்ப் பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டு இருக்கும். எங்கட ஆட்களின் பிள்ளையை மட்டும் நாங்கள் விறாந்தையில் நின்றபடியே பார்ப்போம். ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் ஃபோன் வெளிச்சம். “ஆ காட்டுங்கோ செல்லம்.” அதோடு சரி. மருந்துக் கொம்பனி தந்த கொப்பியில் ஒரு துண்டைக் கிழித்து ஏதோ ஒரு பாணி மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்போம். நிறை பார்க்கிறதில்லை, சட்டை கழற்றுகிறதில்லை, ஒரு இடத்திலும் பதிந்து வைக்கிறதில்லை. இதற்கு நாங்கள் வைத்த பெயர் மரியாதை. பாவம், கிண்ணியாப் பிள்ளைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அதனால் அதன் சட்டையைக் கழற்றி, நிறை பார்த்து, எல்லாவற்றையும் எழுதி, பிழையில்லாமல் வைத்தியம் செய்துவிட்டோம்.

எங்கள் மருந்தகத்தில் ஒரு பிள்ளை வேலை செய்தாள். மருந்தகத்துப் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம், கப்பல்துறைப் பக்கம் வீடு என்றும் வைத்துக்கொள்வோம். சிரித்த முகம். டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே மனிசி, அதற்காகவே எங்கள் எல்லாருக்கும் அவளில் பட்சம். அவளுக்கு முதல் பிள்ளை, பெண் பிள்ளை. பிள்ளை வயிற்றில் மூன்று மாதமாக இருக்கும்போது அவளிடம் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளை பிறந்து நாலு மாதம் வரைக்கும் கொழுகொழுவென்று இருந்தது. அவளுக்கு எப்போது, எப்படித் தொற்றியது என்று கேட்க உங்களுக்கு வாய் உன்னும். அந்த ஆசையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அந்தப் பதில் ஒரு சதத்துக்கும் உதவாது.

ஐந்தாம் மாதத்தில் தொடங்கியது. முதலில் வெளிநோயாளர் பிரிவு டொக்டரிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். வாயெல்லாம் வெள்ளை. “தேனும் வெங்காரமும் தடவினவை டொக்டர், மாறேல்ல.” அவர் சூப்பியை அவித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதினார். அடுத்த மாதம் இருமல். வேறொரு டொக்டர், மழைக்காலம்தானே என்றார். பிறகு இடது கமக்கட்டில் ஒரு கட்டி. சத்திரசிகிச்சை டொக்டர் சட்டைக் கையை மட்டும் உயர்த்திப் பார்த்துவிட்டு, பிறந்த உடனே அந்தக் கையில் போட்ட காசநோய்த் தடுப்பூசியால் வந்தது என்றார். நல்ல காலம், பிள்ளைக்கு வலது கையும் இருந்தது, ஆனால் அதை உயர்த்திப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. நாலாவது ஆளிடம் வயிற்றோட்டத்தோடு போனாள். பல்லு முளைக்கிறது என்று பதில் வந்தது. டொக்டர் சொன்ன பதில், பிள்ளைகளே. பக்கத்து வீட்டு ஆள் சொன்னது இல்லை.

ஐந்தாவது ஆள் நான். குழந்தை வைத்தியத்தில் பெரிய ஆள். அவள் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை விரித்து விறாந்தையில் எனக்குக் காட்டினாள். “நிறை ஏறேல்ல டொக்டர். மூண்டு மாதமா ஒரே இடம், இப்ப குறையுது.” கோடு ஏறி வந்து, படுத்து, பிறகு கீழே சரியத் தொடங்கியிருந்தது. நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பார்த்தேன். “நீங்கள் வேலைக்கு வந்திட்டீங்கள், பிள்ளை உங்களைத் தேடுது. கஞ்சியில கொஞ்சம் நெய் விடுங்கோ.” இதுதான் என் வைத்தியம். இதற்குத்தான் எனக்குப் பின்னால் நாலு பேர் கொப்பியும் பேனையுமாகத் திரிந்தார்கள்.

ஐந்து டொக்டர், ஐந்து துண்டு. ஐந்தையும் ஒரே தாளில் எழுதியிருந்தால் மூன்றாம் வருட மாணவனுக்கே விளங்கியிருக்கும். நாங்களோ கன்ரீனில் இருந்து அவளைப் பற்றிக் கதைத்தோம். “என்ன இவ, ஒரு ஆளிட்டக் காட்டி நிக்காமல் ஒவ்வொருத்தரிட்டயா ஓடித் திரியிறா?” என்று ஒருவர் கேட்டார். “முதல் பிள்ளை எல்லோ, பயம்” என்று நான்தான் விளக்கம் சொன்னேன். எல்லாரும் சிரித்தோம்.

பிள்ளைக்கு ஒன்பது மாதம் நடக்கும்போது ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், கிளினிக் நிரம்பி வழிகிறது, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வாங்குகிற வேகத்தில் விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். ஒட்சிசன் அளவு மோசமாக இறங்கியிருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. இந்த மூச்சுக்கு நெஞ்சு கறகறவென்று சத்தம் போட வேண்டும், இதுவோ பேசாமல் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் இரண்டு பக்கமும் புகை மூட்டம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏதோ வைரஸ் என்று சொல்லி, வழக்கமான மருந்தைத் தொடங்கச் சொன்னேன். ஒரே ஒரு நன்மை நடந்தது. கட்டில் கொடுத்ததால் பிள்ளைக்கு முதல் முறையாக ஒரு ரிக்கெற், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிற நோயாளித் தாள், போட வேண்டி வந்தது.

அதை எழுத வந்தவள் மாத்தறைப் பக்கத்து இன்ரேன், பயிற்சி டொக்டர் ஒருத்தி. வந்து இரண்டு மாதம் இல்லை. தமிழைப் பாடப் புத்தகத்தில் படித்தவள், செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைப்பாள். இந்தத் தாய் யார் என்று அவளுக்குத் தெரியாது. யாரையுமே தெரியாது. ஆகையால் படித்தபடியே முதல் கேள்வியில் இருந்து தொடங்கினாள். பிள்ளையின் சட்டையைக் கழற்றி உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு தாயிடம் திரும்பினாள்.

“கர்ப்ப காலத்தில் உங்கள் இரத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதிக்கப்பட்டதா?”

“ஓம். மூண்டாம் மாதத்தில. இல்லை எண்டுதான் வந்தது.”

“அதன் பின்னர் பரிசோதிக்கப்பட்டதா?”

தாய் வாயைத் திறந்தாள். அவள் ஒரு சொல்லுச் சொல்ல முதல் நான் குறுக்கே விழுந்தேன். “அதெல்லாம் தேவையில்லை” என்று சொல்லி, இன்ரேனைக் கையில் பிடித்து விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“என்ன பிள்ளை கேக்கிறீர்? அவ எங்கட ஆள். மருந்தகத்தில வேலை செய்யிறவ.”

“மன்னிக்கவும் மடம். இரண்டு கமக்கட்டிலும் நெறி உள்ளது. கவட்டிலும் உள்ளது. ஈரலும் மண்ணீரலும் பெரிதாக உள்ளன. முன்பு தனியாக உட்கார்ந்த பிள்ளை இப்போது உட்காருவதில்லை என்று தாய் சொன்னார்.”

“அதுக்கு?”

“போன மாதம் ஈச்சிலம்பற்றில் இருந்து வந்த மீனவரின் பிள்ளைக்கு இதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. நீங்கள் அந்தத் தாயிடம் உடனே கேட்டீர்கள், மடம்.”

கேட்டேன்தான். வாட்டுக்கு நடுவில் நின்று, மற்றத் தாய்மார் எல்லாரும் வாய் பார்த்துக்கொண்டிருக்க, கடையில் பருப்பு வாங்குகிற மாதிரிக் கேட்டேன். “எச்.ஐ.வி. பாக்க வேணும், இரத்தம் எடுக்கட்டோ?” அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரி பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனதை நான் கண்ணால் கண்டேன். அப்போது அந்தத் தாயிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. சாரம் கட்டின தகப்பனின் பிள்ளை என்றால் சந்தேகம், எங்களோடு தேத்தண்ணி குடிக்கிறவளின் பிள்ளை என்றால் மரியாதை. வெட்கம் கெட்ட வேலை. அதை என் முகத்துக்கு நேரே, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல், ஒரு சின்னப் பிள்ளை சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை மாத்தறைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். அவள் சொன்னது சரியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம்.

உங்களிடம் இப்போது இருக்கிற பெரிய தகுதி, உங்களுக்கு இங்கே யாரையும் தெரியாது என்பதுதான். ஆறு மாதத்தில் அது போய்விடும். அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுப் பழகிவிடுங்கள்.

உறைத்த பிறகு என் மூளை கொஞ்சம் எழும்பி வேலை செய்தது. இன்ரேன் பிள்ளைக்கு உடனடிப் பரிசோதனை செய்து பார்ப்போம் என்றாள். “பொறும்” என்றேன். ஒன்பது மாதப் பிள்ளையின் இரத்தத்தில் இந்தச் சோதனை கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருளைக் காட்டினால், அது பிள்ளையின்ரயா, வயிற்றுக்குள் தாய் கொடுத்து அனுப்பினதா என்று சொல்ல ஏலாது. ஒன்றரை வயது வரைக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும். பிள்ளைக்கு பி.சி.ஆர். வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பி.சி.ஆர். என்றதும் எல்லாரும் மூக்கைப் பொத்துகிறீர்கள். இது இரத்தத்தில் பார்க்கிறது, கொழும்புக்குப் போய்த்தான் முடிவு வரும். அதற்கு முதல் தாயின் இரத்தம் வேண்டும். தாயின் இரத்தத்துக்கு, தாயிடம் கேட்க வேண்டும். யார் கேட்கிறது? பெரிய டொக்டர் அம்மா நான்தான் கேட்க வேண்டும்.

வாட்டில் படுக்கை விரிப்பு அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். எத்தனையோ தாய்மாரிடம் பிள்ளை தப்பாது என்று சொன்ன வாய் இது. அன்றைக்கு அதுக்கு நேராக ஒரு கேள்வி கேட்க வரவில்லை. “பிள்ளை, குறை நினைக்காதேங்கோ, நாங்கள் எல்லாருக்கும் பாக்கிறதுதான், சும்மா ஒரு சந்தேகம்…” என்று வளைத்து வளைத்துக் கதைத்துக்கொண்டிருந்தேன். நான் வசனத்தை முடிக்கவில்லை. அவள் சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டிவிட்டாள்.

“எடுங்கோ டொக்டர். பிள்ளைக்கும் எடுங்கோ. என்ர பேரை மட்டும் போடாதேங்கோ. எங்கட லாப்பில எல்லாருக்கும் என்னைத் தெரியும்.”

அவள் பயந்துபோய் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுகிறாள் என்று நினைத்தேன். அதுவும் பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முடிவு வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது. அப்படி இருந்தால் சரியான வருத்தத்தின் பெயரை மரண அத்தாட்சியில் அழகாக எழுதலாம். நெஞ்சில் சத்தமில்லாமல் ஒட்சிசனை விழுங்குகிற அந்தப் பூஞ்சண நியூமோனியாவுக்கு உரிய மருந்தை அந்த நிமிடமே கூடிய அளவில் தொடங்கினேன். இன்ரேன் கட்டிலை விட்டு அசையவில்லை. நான் தாயின் இரத்தக் குழாயில் பெயருக்குப் பதிலாக ஒரு இலக்கத்தை ஒட்டி, நானே லாப்புக்குக் கொண்டு போனேன். நான் குழாய் தூக்கிக்கொண்டு நடந்ததை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முதல் கண்டதில்லை. இரத்தம் வாங்கி வைக்கிற ஆள் இலக்கத்தைப் பார்த்தார், சோதனையின் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆருக்கு மடம்?”

நான் யோசிக்கவில்லை. “எனக்கு” என்றேன்.

பின்னேரத்துக்குள் கதை ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் எக்ஸ்ரே மெஷினுக்கு இந்த வேகம் ஒரு நாளும் இருந்ததில்லை. அடுத்த நாள் கன்ரீனில் எனக்கு மட்டும் குடித்துவிட்டு வீசுகிற கப்பில் தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணியால், கை குலுக்கினால் எல்லாம் இது தொற்றாது என்று பாடசாலை பாடசாலையாகப் போய்ப் படம் போட்டுக் காட்டுகிற டொக்டர் ஒருவர் இருந்தார். அவர் எனக்குக் கை தந்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். மூன்றாம் நாள் என்ர மனுசன் சந்தையால் வந்து மீன் பையை வைத்துவிட்டு நின்றார். “உமக்கு ஏதும் சுகமில்லையோ? மீன்காரன் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறான். அறக்குளாவில ஒரு துண்டு சும்மாவும் தந்தவன்.”

ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு பேர் கிடைத்ததில் சிரிப்புத்தான் வந்தது. இரவில் கொஞ்சம் அழுதும் இருப்பேன். ஆனால் ஒரு நன்மை இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு இருந்ததால், ஒன்பதாம் கட்டிலில் பிள்ளையோடு இருந்தவளை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஈச்சிலம்பற்றுத் தாய் எப்படி ஊருக்குத் திரும்பிப் போயிருப்பாள் என்று அந்த நாட்களில்தான் நினைத்தேன். ஆள் அனுப்பித் தேடினேன். கண்டு மன்னிப்பும் கேட்டேன். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் அதைக் கேட்கவில்லை.

தாயின் முடிவு இரத்தம் கொடுத்த அன்றைக்கே வந்திருந்தது, தொற்று இருந்தது. பிள்ளைக்கு எட்டாம் நாள் ஒட்சிசனைக் கழற்றினோம். கொழும்புக்குப் போன இரத்தத்தின் முடிவு சில கிழமைகள் கழித்து வந்தது, திரும்ப ஒரு முறையும் பார்த்து உறுதி செய்தோம். பிள்ளைக்கும் இருந்தது. இரண்டு பேருக்கும் மருந்து தொடங்கியது. முந்தியே பிடித்திருந்தால் பிள்ளை அந்த எட்டு நாளைப் பட்டிருக்கத் தேவையில்லை. நடக்கத் தொடங்கவும் சுணங்கியிருக்காது. இதை நான் எந்தச் சாட்டும் சொல்லிக் கடக்க ஏலாது.

நான் ஓய்வு பெறுகிறதுக்குக் கொஞ்சம் முதல், ஒரு நாள் அவள் கிளினிக்குக்குப் பிள்ளையோடு வந்தாள். பிள்ளைக்கு மூன்று வயது. நிறை நன்றாக ஏறியிருந்தது. என்ர மேசையில் இருந்த பேனைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நிலத்தில் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை. பிள்ளையைக் காப்பாற்றினவள் நான்தானே. அந்தப் பெருமையில் பெரிய மனிசித்தனமாக ஒரு கதை கதைத்தேன்.

“ஏதும் சந்தேகம் இருந்திருந்தால் அப்பவே எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை.”

அவள் நிலத்தில் விழுந்த பேனைகளைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். பிறகுதான் பதில் சொன்னாள்.

“எனக்குத் தெரியும் டொக்டர். பிள்ளை பிறந்து மூண்டாம் மாதம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் சிவந்து தடிச்சு, கழுத்தில நெறி போட்டு, தானாவே மாறிப்போச்சு. பிறகு பிள்ளைக்கு வாய் வெள்ளை மாறேல்ல எண்டதும் எனக்கு விளங்கிட்டுது. மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கிற தாள் எல்லாம் வாசிக்கிறது நான்தானே. வாயால சொல்ல ஏலாமல் கிடந்தது. ஆராவது கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடலாம் எண்டு இருந்தனான். அதுக்குத்தான் ஐஞ்சு பேரிட்டயும் கொண்டு வந்தனான்.”

 மருந்துத் துண்டை எழுதிக் கொடுத்தேன். என்ர எழுத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவளுக்கு வாசிக்கத் தெரியும்தானே. அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பினாள். கதவடியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கும் கேக்க வெக்கமா இருந்திருக்கும், என்ன டொக்டர்? அதை விடுங்கோ.”

அவள் என்னைத் தேற்றிவிட்டுப் போனாள், பிள்ளைகளே. நாலு மாதம் ஐந்து டொக்டர்மாரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், என்னைத் தேற்றிவிட்டுப் போனாள்.